நண்டு நோட்டும் நிஃப்டியும்: விலைத் தொடரில் கணிதச் சார்புகளைப் பயன்படுத்த ஒரு முழு வழிகாட்டி

பாம்பனில் என் மாமா நண்டு வியாபாரி. நாட்டுப்படகுக்காரர்களிடம் கரையில் எடுத்து, மண்டபத்து நண்டுக் கம்பெனிகளுக்கு எடை போட்டுக் கொடுப்பார். அவர் சட்டைப்பையில் நீளவாக்கில் மடித்த ஒரு நோட்டு எப்போதும் இருக்கும். வரிக்கு ஒரு தேதி, கிலோ விலை, ஓரத்தில் ஒரு சொல்: ‘வாடை’, ‘கூண்டு ஏத்தியாச்சு’, ‘அமாவாசை’, ‘படகு இல்லை’. நான் பங்குச் சந்தைக்குள் கால் வைத்த புதிதில், போனில் நிஃப்டி (50 பெரிய இந்திய நிறுவனப் பங்குகளின் குறியீட்டெண்) படத்தின் மேல் 20 நாள் சராசரிக் கோடு ஓடுவதை அவரிடம் பெருமையாகக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “ஏ மாப்ள, இந்தக் கோடு போன வாரம் நடந்ததத்தான இப்பச் சொல்லுது? அதுக்கு என் நோட்டே போதுமே” என்றார்.

கோடு எத்தனை நாள் பின்தங்குகிறது என்று அன்று எனக்குத் தெரியாது. ஒன்பதரை நாள். ஏன் என்று கீழே வருகிறது.

அந்த நோட்டையும் நிஃப்டியையும் பக்கத்தில் வைத்து, ஒரே சார்புகளை இரண்டின் மேலும் ஓட்டிப் பார்ப்பதுதான் இங்கே வேலை. பிளஸ் டூ கணக்கும் ஒரு கூகுள் ஷீட்டும் போதும். முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். நண்டு, இறால் விலை எந்தப் பக்கம் போகும் என்பதில் கணிதத்துக்குக் கொஞ்சம் பிடி கிடைக்கிறது. நிஃப்டியில் திசை பிடிபடுவதில்லை, எவ்வளவு ஆடும் என்பது ஓரளவு பிடிபடுகிறது. நண்டு விலைகள் கணக்குப் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. நிஃப்டி எண்கள் உண்மையானவை.

1. முதலில் நாட்கணக்கைச் சரி செய்யுங்கள்

பலரும் விலையை இறக்கிய உடனே ஃபார்முலா போடத் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் தேதி நெடுவரிசையை ஒரு மணி நேரம் பாருங்கள்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். 2017-க்கு முன் அது 45 நாள். அப்படியானால் பழைய வருடங்களையும் புதிய வருடங்களையும் ஒரே தொடராக ஒட்டினால் இடைவெளியின் நீளமே மாறிவிடுகிறது. ராமேஸ்வரத்து இறால் விலைத் தொடரில் அந்த 61 கட்டங்களில் பூச்சியம் போடக்கூடாது. ஏப்ரல் விலைக்கும் ஜூன் விலைக்கும் நடுவில் கோடு இழுத்தும் நிரப்பக்கூடாது. ஏலமே நடக்காத நாளில் விலை என்று ஒன்று இல்லை. வெற்றாக விடுங்கள். ஜூன் 15-க்குப் பிறகு வரும் முதல் ஏலத்தை ‘ஒரு நாள் மாற்றம்’ என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

நிஃப்டியிலும் இதே சிக்கல் சின்ன உருவத்தில் உண்டு. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே மூன்று நாள். வழக்கமாக வர்த்தக நாட்களை மட்டும் 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டு போவார்கள். நியாயமான வழிதான், ஏனென்றால் திங்கட்கிழமை மாற்றம் மற்ற நாளைவிட மூன்று மடங்கு சிதறுவதில்லை.

தனிப் பங்கு என்றால் போனஸும் பங்குப் பிரிப்பும் சரிக்கட்டப்பட்ட விலைதானா என்று பாருங்கள். ஒன்றுக்கு ஒன்று போனஸ் வந்த நாளில் 800 ரூபாய்ப் பங்கு 400-க்கு வந்து நிற்கும். யாருக்கும் நஷ்டமில்லை, ஆனால் உங்கள் ஷீட்டில் ஒரே நாளில் பாதி கரைந்ததாகத் தெரியும். நண்டில் தரம் பிரிக்கும் அளவை மாற்றினால் வரும் குழப்பமும் இதே ஜாதிதான்.

மாமாவின் ஓரச் சொற்களை விட்டுவிடாதீர்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய நாளுக்கு 1, மற்ற நாளுக்கு 0 என்று தனி நெடுவரிசை வையுங்கள். நிஃப்டிக்கு அதே இடத்தில் பட்ஜெட் நாள், தேர்தல் முடிவு நாள். கணக்கில் இதற்குக் குறிமாறி என்று பெயர். பின்னால் ஒரு நாள் ஏன் எகிறியது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும்போது உதவும்.

2. விலையை மடக்கை ஈட்டமாக மாற்றுங்கள்

நண்டு கிலோ 400-லிருந்து 500-க்கு ஏறுகிறது: 25 சதவீத ஏற்றம். மறுநாள் 400-க்கே திரும்புகிறது: 20 சதவீத இறக்கம். இரண்டையும் கூட்டினால் 5 சதவீத லாபம் வருகிறது, கையில் மிச்சம் ஒன்றுமில்லை. சதவீதத்தைக் கூட்டி ஏமாறுவது இப்படித்தான்.

இன்றைய விலையை நேற்றைய விலையால் வகுத்து, அதன் இயல் மடக்கையை (ஷீட்டில் LN) எடுங்கள். இதுதான் மடக்கை ஈட்டம். மேலே சொன்ன இரண்டு நாளுக்கும் +0.223, −0.223 வரும், கூட்டினால் பூச்சியம். 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி 8,745.45-லிருந்து 7,610.25-க்கு விழுந்தது. சதவீதத்தில் 12.98 இறக்கம், மடக்கையில் −0.139. பழைய இடத்துக்கு வர 14.9 சதவீதம் ஏற வேண்டும். மடக்கையில் அதே 0.139 போதும்.

இன்னொரு லாபமும் உண்டு. 400 ரூபாய் நண்டையும் 20,000 புள்ளி நிஃப்டியையும் ஒரே அளவுகோலில் வைக்க இதுதான் வழி. இனி வரும் எல்லாக் கணக்கும் இந்த ஈட்ட நெடுவரிசையின் மேல்தான், சராசரிக் கோட்டையும் ஐந்தாம் பகுதியின் நிலாக் கணக்கையும் தவிர.

3. சராசரிக் கோடு: என்ன செய்கிறது, என்ன செய்யாது

20 நாள் எளிய நகரும் சராசரி கடந்த 20 விலைகளுக்கும் சமமான எடை தருகிறது. இன்றைய விலைக்கு வயது 0, இருப்பதிலேயே பழைய விலைக்கு 19. சராசரி வயது 9.5. அந்த ஒன்பதரை நாள் பின்தங்கல் கோட்டோடு பிறந்தது. 200 நாள் கோட்டுக்கு 99.5 நாள். அதை யாரும் விலக்கித் தர முடியாது. விலக்கித் தருகிறேன் என்று ஒரு இன்டிகேட்டரை விற்க வருபவரிடம் அதற்கு ஈடாக எதை விட்டுக்கொடுத்தார் என்று கேளுங்கள்.

அடுத்தது படிக்குறி சராசரி. இதில் பழைய விலையின் எடை நாளுக்கு நாள் தேய்கிறது. கையாலேயே போட்டுப் பார்ப்போம். புதிய விலைக்குத் தரும் எடைக்கு ஆல்ஃபா என்று பெயர். அது 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கம் 420. மறுநாள் விலை 440: 0.3 × 440 + 0.7 × 420 = 426. அடுத்த விலை 410: 421.2. அப்புறம் 450: 429.8. பிறகு 500: 450.9. கடைசியாக 470: 456.6. விலை 500-லிருந்து 470-க்கு இறங்கிய நாளில் சராசரி ஏறிக்கொண்டிருக்கிறது பாருங்கள். மாமா அன்று சொன்னது இதைத்தான். 20 நாள் கோட்டுக்கு ஈடான ஆல்ஃபா 2 ÷ 21, அதாவது 0.095; அதன் பின்தங்கலும் சராசரியாக அதே ஒன்பதரை நாள்தான், ஆனால் புதிய விலைக்குச் சீக்கிரம் அசைந்துகொடுக்கும்.

சன்னலின் அகலத்தை, அதாவது எத்தனை விலைக்குச் சராசரி என்பதை, எப்படித் தேர்வது? ஊரில் ஓடும் சுழற்சியின் நீளத்துக்குச் சமமாக வைத்தால் அந்தச் சுழற்சி முழுதாக அழிந்துவிடும். ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை கரைக்கு வருபவை. வாரத்துக்கு மூன்று ஏலம். மூன்று ஏலச் சராசரி எடுத்தால் வாரத்துக்குள் இருக்கும் ஆட்டம் மறைந்து பருவத்தின் போக்கு மட்டும் தெரியும். நான்கு ஏலச் சராசரி எடுத்தால் ஒரு கிழமை இரண்டு தடவை விழுந்து, ஊரில் இல்லாத ஒரு நடுக்கம் கோட்டில் வரும்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. யூஜென் ஸ்லட்ஸ்கி என்ற பொருளியலாளர் 1927-இலேயே காட்டியது: முற்றிலும் குருட்டாம்போக்கான எண்களின் மேல் நகரும் சராசரி எடுத்தால், அதில் அழகான அலைகள் தானாகவே எழும். நம்பவில்லையென்றால் கூகுள் ஷீட்டில் 300 சீரற்ற எண்களை உருவாக்கி 20-இன் சராசரியை வரைந்து பாருங்கள். பொருளாதாரச் சுழற்சி மாதிரியே இருக்கும். நான் இதைச் செய்து பார்த்த இரவில், அதற்கு முந்தின ஆறு மாதம் நான் எந்த அலைகளைப் பார்த்து வாங்கினேன் என்று யோசித்தேன், தூக்கம் வரவில்லை.

பாடப்புத்தகத்தில் வரும் மையப்படுத்திய நகரும் சராசரியை வர்த்தகத்துக்குள் கொண்டுவராதீர்கள். அது இரண்டு பக்கமும் பார்க்கும். நாளைய விலையும் அதற்குள் இருக்கும். கடந்த காலத்தைப் படிக்க நல்லது, இன்று முடிவெடுக்க உதவாது.

4. தொடரைத் தன்னோடு ஒப்பிடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான். ஈட்ட நெடுவரிசையை அப்படியே நகலெடுத்து, ஒரு கட்டம் கீழே தள்ளி ஒட்டுங்கள். இரண்டுக்கும் ஒட்டுறவுக் கெழு (ஷீட்டில் CORREL) எடுங்கள். அது ஒரு படித் தன்னொட்டுறவு. இரண்டு கட்டம் தள்ளினால் இரண்டு படி. இப்படியே 20 வரை எடுத்துப் பட்டை வரைபடமாகப் போடுங்கள்.

எது பெரியது, எது தற்செயல்? 2-ஐ எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். 250 நாள் தொடருக்கு 0.126. பட்டை அதற்குள் இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். 20 பட்டையில் ஒன்று தற்செயலாகவே வெளியே நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இறால் ஏல விலையில் எங்கே தேட வேண்டும் என்பதை எண்ணும் முறை முடிவு செய்கிறது. நாட்காட்டிக் கணக்கில் வாரத் தாளம் ஏழாவது படியில் இருக்கும். ஏலங்களை மட்டும் எண்ணினால் மூன்றாவது படி. நிஃப்டியில் ஒரு வாரம் என்றால் ஐந்தாவது படி. முதல் பகுதியில் தேதி நெடுவரிசையை இவ்வளவு நேரம் ஏன் பார்க்கச் சொன்னேன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

நிஃப்டியின் தினசரி ஈட்டத்தில் இந்தப் பட்டைகள் பூச்சியத்தை ஒட்டியே கிடக்கும். நேற்று ஏறியது என்பதிலிருந்து இன்று எந்தப் பக்கம் என்று சொல்ல எதுவும் கிடைக்காது. சரி, இப்போது கூட்டல் கழித்தல் குறியை எடுத்துவிடுங்கள். ஈட்டத்தின் அளவை மட்டும் வைத்து அதே கணக்கைப் போடுங்கள். பட்டைகள் எழுந்து நிற்கும், மெதுவாகத்தான் தேயும். பெரிய ஆட்டத்தை அடுத்துப் பெரிய ஆட்டமே வருகிறது, எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியாது. பெனுவா மாண்டல்பிரோ 1963-இல் பருத்தி விலையை ஆராய்ந்தபோது கவனித்தது இது. ராபர்ட் எங்கிள் என்ற பொருளியலாளர் 1982-இல் இதற்கு ஒரு கணித மாதிரி எழுதினார். 2003-இல் நோபல் பரிசு பெற்றார். கடல்காரர்களுக்கு இது புதிதில்லை. வாடைக்காற்று எழுந்துவிட்டால் இரண்டு மூன்று நாளைக்குக் கடல் கலங்கியே இருக்கும். தனியொரு அலை எந்தப் பக்கம் புரட்டும் என்று யாரும் சொல்வதில்லை.

ஈட்டத்துக்குப் பதிலாக விலையையே போட்டுவிடாதீர்கள். விலையின் தன்னொட்டுறவு எப்போதும் ஒன்றை ஒட்டியே வரும், அதில் செய்தி கிடையாது. அதே மாதிரி பத்து வருட நண்டு விலைக்கும் பத்து வருட நிஃப்டிக்கும் ஒட்டுறவு எடுத்தால் பெரிய எண் வரலாம். இரண்டும் காலத்தோடு ஏறியிருக்கின்றன, அவ்வளவுதான்.

5. சைன், கொசைன்: கடிகாரம் இருக்கும் இடத்தில் மட்டும்

ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை 29.53 நாள். பௌர்ணமி வெளிச்சத்துக்கு வலையில் படுவது மாறும் என்று துறையில் சொல்வார்கள். அதைச் சோதிக்க இரண்டு நெடுவரிசை போதும். அமாவாசையிலிருந்து எத்தனையாவது நாள் என்பதை 29.53-ஆல் வகுத்து, 2 பையால் (2π) பெருக்கி, ஒன்றில் சைனும் மற்றதில் கொசைனும் எடுங்கள். போக்கு நீக்கிய விலையை (விலையிலிருந்து சராசரிக் கோட்டைக் கழித்தது) இந்த இரண்டின் மேல் ஒட்டுப்போக்குக் கணக்காக (ஷீட்டில் LINEST) போடுங்கள். சைனின் கெழு 12, கொசைனின் கெழு −9 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். வீச்சு, இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம்: 15 ரூபாய். உச்சம் வரும் கோணம் 126.9 பாகை, அதாவது அமாவாசைக்குப் பின் 10.4-ஆவது நாள். நண்டு எடுப்பவருக்கு இது நேரடியாகப் பயன்படும் எண்.

இங்கே ஒரு வேடிக்கை. பாம்பனில் தினமும் காலை 6 மணிக்கு மட்டும் கடல் மட்டத்தைக் குறித்துக்கொண்டு வந்தால், கடல் 14.77 நாளுக்கு ஒரு முறை மெல்ல ஏறி இறங்குவது போலத் தோன்றும். உண்மையில் நிலாவின் இழுப்பால் வரும் முதன்மை ஓதம் ஏறி இறங்க 12 மணி 25 நிமிடம்தான் எடுக்கும். நாளுக்கு ஒரு தடவை மட்டும் பார்த்ததால் வேகமான அசைவு மெதுவான வேடம் போட்டுக்கொண்டு வருகிறது. ஒரு சுழற்சியைப் பிடிக்க வேண்டுமானால் அதற்குள் இரண்டு தடவைக்கு மேல் அளந்திருக்க வேண்டும். பிற்பகல் 3.30 மணி முடிவு விலையை மட்டும் வைத்துக்கொண்டு ‘15 நாள் சுழற்சி’ கண்டுபிடித்தேன் என்பவர்கள் முதலில் இதைச் சோதிக்கட்டும்.

நிஃப்டியின் மேல் சைன் அலை பொருத்தினால் பழைய படத்தில் அற்புதமாக உட்காரும். படத்தைத் தாண்டிய அடுத்த மாதமே கழன்றுவிடும். நிலாவுக்கு ஒரு பாதை உண்டு. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு விதைப்பும் அறுவடையும் உண்டு. நிஃப்டிக்கு அப்படிச் சாவி கொடுத்து வைத்தவர் யாருமில்லை. காரணத்தைச் சொல்ல முடியாத சுழற்சிக்கு நான் சைன் போடுவதில்லை.

6. சிதறலை அளந்து, வாங்கும் அளவை முடிவு செய்யுங்கள்

நான்காம் பகுதியில் கிடைத்த ஒரே நல்ல பிடி ஆட்டத்தின் அளவு. அதைப் பணமாக்குவது இங்கேதான்.

தினசரி ஈட்டத்தின் திட்ட விலக்கம் முதல் அளவு. ஒரு நாளைக்கு 1 சதவீதம் என்றால் 250 வர்த்தக நாளுக்கு, அதன் வர்க்கமூலத்தால் பெருக்கி 15.8 சதவீதம். நாளுக்கு நாள் தொடர்பில்லை என்ற நிபந்தனையில்தான் இந்தப் பெருக்கல் செல்லும். நண்டு விலையில் செல்லாது, தாளம் இருக்கிறதே.

எல்லா நாளுக்கும் சம எடை தராமல், படிக்குறி முறையிலேயே சிதறலை அன்றாடம் புதுப்பிக்கலாம். நேற்றைய மாறுபாட்டுக்கு (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) 0.94, இன்றைய ஈட்டத்தின் வர்க்கத்துக்கு 0.06 எடை, ஜே.பி. மார்கன் வங்கி 1990-களில் பரப்பிய எண் இது. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாள். நிஃப்டி 23,263.90-லிருந்து 21,884.50-க்கு வந்தது, மடக்கை ஈட்டம் −0.0611. முந்தின நாள் திட்ட விலக்கம் 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், புதிய மாறுபாடு 0.94 × 0.0001 + 0.06 × 0.003736 = 0.000318. வர்க்கமூலம் எடுத்தால் 1.78 சதவீதம். ஒரே நாளில் கடல் முக்கால் பங்குக்கு மேல் கூடுதலாகக் கலங்கிவிட்டது.

இப்போது வாங்கும் அளவு. உங்கள் கையிருப்பு முதல் 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வர்த்தகத்தில் 1,000 ரூபாய்க்கு மேல் இழப்பதில்லை என்பது உங்கள் விதி. பங்கின் விலை 500. ஸ்டாப்லாஸ், அதாவது விலை இறங்கித் தொட்டால் விற்றுவிடும் எல்லை, இரண்டு திட்ட விலக்கத் தூரத்தில். பங்கின் தினசரி விலக்கம் 1 சதவீதமாக இருக்கும்போது ஸ்டாப்லாஸ் 10 ரூபாய் கீழே, வாங்கக்கூடியது 100 பங்கு. அதுவே 1.78 சதவீதமாக ஏறினால் ஸ்டாப்லாஸ் 17.80 கீழே, வாங்கக்கூடியது 56 பங்கு. பங்கு ஏறுமா இறங்குமா என்ற கேள்வியே இந்தக் கணக்கில் வரவில்லை, கவனித்தீர்களா? மாமா கூண்டு ஏறிய வாரத்தில் ஐஸும் குறைவாகத்தான் வாங்குவார்.

ஒரு எச்சரிக்கை. 1 சதவீத விலக்கத்தோடு பார்த்தால் 2020 மார்ச் 23-இன் வீழ்ச்சி கிட்டத்தட்ட 14 விலக்கத் தூரம். இயல்நிலைப் பரவல் வளைவின்படி பிரபஞ்சத்தின் வயதுக்குள் வரக்கூடாத நாள் அது. வந்தது. ஆகையால் இரண்டு விலக்கத்தில் ஸ்டாப்லாஸ் வைத்திருக்கிறேன் என்று கடன் வாங்கி அளவைக் கூட்டாதீர்கள். விலை அந்த இடத்தைத் தாண்டிக் குதித்து இறங்கும் காலைகள் உண்டு.

7. ஒரு பருவத்தைப் பூட்டி வையுங்கள்

ஐந்து வருட நோட்டு இருந்தால் நான்கு வருடத்தில் மட்டும் கணக்குப் போடுங்கள். ஐந்தாவதை, ஜூன் 15 முதல் அடுத்த ஏப்ரல் 14 வரை, திறக்கவே கூடாது. நிஃப்டிக்கும் கடைசி வருடத்தை இப்படியே ஒதுக்குங்கள். ஆல்ஃபா 0.3-ஆ 0.2-ஆ, சன்னல் 20-ஆ 50-ஆ என்ற பரிசோதனை எல்லாம் பூட்டாத பகுதியில். ஒன்றுக்குமே உதவாத 100 விதிகளைச் சோதித்தாலும், தற்செயலுக்கு 5 சதவீதம் இடம் தரும் அளவுகோலில் ஐந்து விதி வேலை செய்வதுபோல் காட்டும். எத்தனை விதியைச் சோதித்தீர்கள் என்று எண்ணி எழுதி வையுங்கள்.

செலவையும் ஷீட்டிலேயே கழியுங்கள். வாங்கி விற்க எல்லாக் கட்டணமும் சேர்த்து 0.2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 100 சுற்று வர்த்தகம் போட்ட முதலின் 20 சதவீதத்தைத் தின்றுவிடும். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் பங்கு எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். அவர்கள் போனிலும் சராசரிக் கோடுகள் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

பூட்டிய வருடத்தை ஒரே ஒரு முறை திறந்து, விதியை அப்படியே ஓட்டுங்கள். தேறவில்லை என்றால் எண்ணைக் கொஞ்சம் திருகி மறுபடி ஓட்டக் கை துடிக்கும். திருகிய கணத்திலேயே அதுவும் சோதித்துப் பழகிய பகுதியாகிவிடும், பூட்டி வைத்ததாகக் கணக்கில் வராது. நான் அப்படி ஒரு வருடத்தை வீணாக்கியிருக்கிறேன். புதிய விதியைச் சோதிக்க அடுத்த தடைக்காலம் முடிந்து படகு இறங்கும் வரை காத்திருந்தேன். மாமா அதற்குள் இரண்டாவது நோட்டைத் தொடங்கியிருந்தார்.